தலைமைப் பயிற்றுவிப்பாளர் கிடைத்துவிட்டார். பதினெட்டு வயதுப் பையனுக்கு ஆட்டம் எங்கே?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவுஸ்திரேலியாவின் தேசிய றக்பி அணியான வலபீஸுக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக ஜோ ஷ்மிட்டுக்குப் பிறகு லெஸ் கிஸ் வருவதைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். நியூசிலாந்துக்காரருக்குப் பிறகு சொந்த நாட்டுக்காரர் ஒருவர் பொறுப்பெடுப்பது நல்லது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவருக்குக் கிடைக்கப்போகும் வீரர்கள் எங்கே, யாரிடம் பழகி வருகிறார்கள் என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நான் கண்டியில் படித்தவன். நித்தவெல மைதானத்துச் சேற்றில் விழுந்து எழும்பி றகர், அதாவது றக்பி, பழகியவன். சிட்னிக்கு வந்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. பதினொரு வருடமாக மேற்கு சிட்னியில் ஒரு சிறுவர் கழகத்தில் சனிக்கிழமை காலைகளில் சம்பளமில்லாமல் பயிற்சி கொடுக்கிறேன்.

முதலில், சரியாக நடந்ததைச் சரி என்று சொல்லிவிடுகிறேன். கிஸ்ஸின் நியமனத்தை 2025 ஏப்ரலிலேயே அறிவித்தார்கள். 2026 நடுப்பகுதி வரை ஷ்மிட் இருப்பார், அதுவரை கிஸ் தான் பயிற்றுவித்த குயின்ஸ்லாந்து ரெட்ஸ் அணியோடு இருப்பார், பிறகு கைமாறும் என்று ஒழுங்காகத் திட்டம் போட்டார்கள். அவுஸ்திரேலிய றக்பியில் இப்படி நிதானமாக ஒரு கைமாற்றம் நடந்து நான் பார்த்ததில்லை. 2013 இல் பிரித்தானிய, அயர்லாந்து லயன்ஸிடம் தொடரைத் தோற்றதும் அப்போதைய பயிற்றுவிப்பாளர் ரொபி டீன்ஸ் போனார். அடுத்து வந்த யுவன் மக்கென்சி பதினைந்து மாதத்தில் விலகினார். மைக்கல் செய்க்கா 2015 இல் உலகக் கிண்ண இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார், 2019 உலகக் கிண்ணத்தோடு போய்விட்டார். டேவ் ரெனியை உலகக் கிண்ணத்துக்கு எட்டு மாதம் இருக்கும்போது, 2023 ஜனவரியில், நீக்கினார்கள். எடி ஜோன்ஸுக்கு 2027 வரை ஒப்பந்தம் கொடுத்தார்கள். அவருடைய அணி ஒன்பது டெஸ்ட் (நாடுகளுக்கிடையிலான ஆட்டம்) ஆடி, ஜோர்ஜியாவையும் போர்த்துக்கலையும் மட்டும் வென்று, அவர் அதே வருடம் ஒக்டோபரில் விலகிவிட்டார்.

அந்த 2023 உலகக் கிண்ணத்தை மறக்க முடியவில்லை. பீஜியிடம் 22-15, வேல்ஸிடம் 40-6. வலபீஸ் முதற்சுற்றோடு வீட்டுக்குப் போனது வரலாற்றில் அதுதான் முதல் தடவை. எல்லாரும் ஜோன்ஸைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். அனுபவசாலிகளான மைக்கல் ஹூப்பரையும் குவேட் கூப்பரையும் விட்டுவிட்டுப் போனதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அவர் 10 ஆம் இலக்கச் சட்டையைக் கொடுத்த கார்ட்டர் கோர்டனை யோசித்துப் பாருங்கள். 22 வயது. இந்த விளையாட்டில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற இடம் அது. அந்த இடத்தில் பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் பழக வேண்டும். அந்தப் பிழைகளைச் சத்தமில்லாமல் விட்டுப் பழகுவதற்கு அவருடைய வயதுக்காரர்களுக்கு இந்த நாட்டில் ஒரு மேடை இருக்கவில்லை. உலகமே பார்க்கிற ஆட்டத்தில் அதைப் பழகச் சொன்னார்கள். அடுத்த வருடம் அவருடைய மெல்பேர்ண் ரெபல்ஸ் அணியே இழுத்து மூடப்பட்டது. அவர் வேறு விதிகளோடு ஆடும் தனி விளையாட்டான றக்பி லீக்குக்குப் போனார். 2025 இல் திரும்பி வந்தார் என்பது நம் அதிர்ஷ்டம்.

முன்பு மேடை ஒன்று இருந்தது. 2014 இல் தேசிய றக்பி சம்பியன்ஷிப் என்று தொடங்கினார்கள். கழக ஆட்டத்துக்கும் சூப்பர் றக்பி என்ற தொழில்முறைப் போட்டிக்கும் நடுவில் ஒரு படி. எங்கள் பக்கத்துக்கும் கிரேட்டர் சிட்னி ராம்ஸ் என்று ஓர் அணி கிடைத்தது. எங்கள் கழகத்துச் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தங்கள் தெருப்பக்கம் வளர்ந்த அண்ணன்மார் நல்ல புல்தரையில் ஆடுவதைப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 2017 முடிந்ததும் ராம்ஸை நிறுத்தினார்கள். 2019 தான் அந்தப் போட்டிக்கே கடைசி வருடம். அதற்கு முன்னால் 2007 இல் தொடங்கிய இன்னொரு போட்டிக்கோ ஒரே வருடம்தான் ஆயுள்.

அதே 2019 இல் நம் 20 வயதுக்குட்பட்ட அணி ஆர்ஜென்டினாவில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் பிரான்ஸிடம் 24-23 என்று ஒரே ஒரு புள்ளியால் தோற்றது. ஃபிரேசர் மக்ரைட், ஹரி வில்சன், ஆங்கஸ் பெல், மார்க் நவக்கனிடவாசி எல்லாரும் அந்தத் தலைமுறை. வில்சன் பிறகு வலபீஸ் தலைவரானார். பிள்ளைகளிடம் திறமை குறைவு என்று யாராவது சொன்னால் அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். அந்த வயதுக்கு அடுத்த படிதான் அந்த வருடத்தோடு உடைந்தது. சின்னச் சின்னத் தொடர்கள் இப்போதும் நடக்கின்றன. நியூசிலாந்தில் பதினான்கு மாகாண அணிகள் மோதுகிற போட்டியையோ, தென்னாபிரிக்காவின் கறி (Currie) கிண்ணத்தையோ அருகில் வைத்துப் பார்த்தால் அவை போதாது.

இனிப் பென்ரித் கதை. மேற்கு சிட்னியில் இருப்பவர்களுக்கு இது தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சிட்னியின் முதல்தரக் கழகப் போட்டியான ஷூட் ஷீல்டில் பென்ரித் கழகம் வாராவாரம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது என்று 2018 இல் அதைப் போட்டியை விட்டே விலக்கினார்கள். அதே பென்ரித்தில் இருக்கிற றக்பி லீக் அணியான பாந்தர்ஸ் 2021 இலிருந்து 2024 வரை தொடர்ந்து நான்கு தடவை கிண்ணம் வென்றது. பணம் கொடுத்து வெளியிலிருந்து வாங்கிய அணியா அது? மவுண்ட் டுரூயிட் பக்கத்துப் பிள்ளைகளான பிரையன் டோவோவும் ஜரோம் லுவாயும் அதில் ஆடினார்கள். ஒரே ஊர், ஒரே தெருக்கள், ஒரே சமோவா, தொங்கா குடும்பங்கள். ஒரு விளையாட்டு அங்கே ஒன்றுமில்லை என்று கதவைப் பூட்டியது. மற்றது அங்கேயே ஆட்களை எடுத்து வளர்த்தது.

லீக்காரர்களிடம் இருப்பது ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். 17 வயதுக்குள் ஹரல்ட் மத்தியூஸ், 19க்குள் எஸ்.ஜி. போல், 21க்குள் ஜேர்சி ஃபிளெக் என்று வயதுக்கு ஒரு போட்டி. இந்த வருடம் எங்கே ஆடுவாய், அடுத்த வருடம் எங்கே ஆடுவாய் என்று பையனுக்கும் தெரியும், அவனுடைய அம்மாவுக்கும் தெரியும்.

எங்கள் கழகத்தில் எட்டு வயதில் வந்து சேர்ந்த ஒரு தொங்கா பையன் இருந்தான். பதினைந்து வயதில் என்னைவிட ஒன்றரை அடி உயரம், ஓடினால் பின்னால் பிடிக்க ஆளில்லை. ஒரு பெரிய தனியார் பாடசாலை புலமைப்பரிசில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. மூன்று வருடம் அவனுக்கு உடற்பயிற்சிக் கூடம், உணவு ஆலோசனை, நல்ல பயிற்றுவிப்பாளர்கள், எல்லாம் இருந்தது. பாடசாலை முடிந்த அடுத்த மாதம் ஒன்றும் இல்லை. ஒரு பயிற்சி மையத்தில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்களாம். அந்த வருடம் முழுக்க ஏழோ எட்டோ ஆட்டம்தான் ஆடினான். பகலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினான். பிறகு ஒரு லீக் கழகத்துப் பயிற்றுவிப்பாளர் வாரம் ஒரு தடவை அவனுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார். சும்மா, எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான். அவன் போகப்போவதை என்னிடம் வந்து சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு "சொறி கோச்" என்றான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அவன் இல்லை.

அதே காலத்தில் ஜோசப் சுவாலியைப் பல மில்லியன் டொலர் கொடுத்து லீக்கிலிருந்து அழைத்து வந்தார்கள். அருமையான வீரர், 2024 நவம்பரில் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை 42-37 என்று வென்ற முதல் ஆட்டத்திலேயே அதைக் காட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரும் கிங்ஸ் பாடசாலையில் றக்பி ஆடி வளர்ந்தவர்தானே. வீட்டில் இருந்த பிள்ளையை விட்டுவிட்டு, பிறகு அதே பிள்ளையைப் பெரிய விலை கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறோம்.

பயிற்றுவிப்பாளர்களின் கதையும் இதுதான். பொப் டுவயர் ராண்ட்விக் கழகத்திலிருந்து வந்து 1991 உலகக் கிண்ணத்தை வென்றார். ரொட் மக்குயின் வரிங்கா கழகத்திலிருந்து வந்தவர். 1996 இல் கன்பராவில் புதிதாகத் தொடங்கிய பிரம்பிஸ் அணியில், நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் வேண்டாம் என்றவர்களையும் உள்ளூர்ப் பையன்களையும் சேர்த்து ஓர் அணியைக் கட்டினார். 1999 இல் உலகக் கிண்ணம் வென்றார். கழகத்தில் நன்றாகப் பயிற்சி கொடுத்தால் மேலே போகலாம் என்று அப்போது ஒரு வழி இருந்தது. இப்போது கிஸ்ஸையே பாருங்கள். நம் ஆள்தான், ஆனால் அயர்லாந்து அணியிலும் அல்ஸ்டரிலும் லண்டன் ஐரிஷிலும் பல வருடம் தொழில் செய்துவிட்டு 2024 இல்தான் ரெட்ஸுக்கு வந்தார். நம் பயிற்றுவிப்பாளர்களை வளர்த்துக் கொடுப்பது பிற நாட்டுச் சங்கங்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது டேவிட் நூசிஃபோராவின் விஷயம். வலபீஸுக்கு ஆடியவர், 2004 இல் பிரம்பிஸுக்குச் சூப்பர் றக்பி கிண்ணம் எடுத்துக்கொடுத்தவர். 2014 இலிருந்து பத்து வருடம் அயர்லாந்துச் சங்கத்தின் உயர்திறன் பொறுப்பில் இருந்தார். அவர் தலைமைப் பயிற்றுவிப்பாளர் இல்லை, தொலைக்காட்சியில் அவர் முகம் அடிக்கடி வராது. நான்கு மாகாணங்களிலும் இளையோர் பயிற்சி மையங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா, ஒரு மாகாணத்தில் வாய்ப்பில்லாத பையன் இன்னொன்றில் ஆடுகிறானா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. ஷ்மிட் அங்கே 2018 இலும், அவருக்குப் பின் அண்டி ஃபரெல் 2023 இலும் ஆறு நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம் எடுத்தபோது அவர்களுக்குப் பின்னால் இந்த வேலை இருந்தது. அதே ஷ்மிட் இங்கே வந்தபோது அவருக்குப் பின்னால் என்ன இருந்தது? ஒரு சூப்பர் அணி மூடப்படுகிற செய்தி இருந்தது. அப்படியிருந்தும் 2025 இல் ஜொஹன்னஸ்பேர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் 22-0 என்று பின்தங்கி, 38-22 என்று தென்னாபிரிக்காவை வென்றார்கள். 1963 க்குப் பிறகு அந்த மைதானத்தில் கிடைத்த முதல் வெற்றி. நான் விடியற்காலையில் எழும்பி அழுதேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

காசு இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. 2025 லயன்ஸ் தொடரின் இரண்டாவது டெஸ்டுக்கு மட்டும் மெல்பேர்ணில் 90,307 பேர் வந்தார்கள். 2027 உலகக் கிண்ணம் இங்கேதான். அந்தக் காசில் பெரிய நட்சத்திரம் ஒருவரை வாங்குவதற்கு முன், 18 இலிருந்து 22 வயது வரையுள்ளவர்களுக்கு வருடத்தில் குறைந்தது பதினைந்து நல்ல ஆட்டம் கிடைக்கிற மாதிரி ஒரு போட்டியைப் பத்து வருடத்துக்கு எழுத்தில் உறுதி செய்யட்டும். அதில் ஒவ்வோர் அணிக்கும் முழுநேரச் சம்பளத்தில் ஒரு பயிற்றுவிப்பாளரைக் கழகங்களிலிருந்து எடுக்கட்டும். மேற்கு சிட்னிக்கு அதில் ஓர் அணி கட்டாயம் வேண்டும்.

உங்கள் விளையாட்டுச் செய்தியாளரை ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் மைதானத்துக்கு அனுப்பிவையுங்கள். பதினாறு வயதுக்குட்பட்டோர் எட்டரைக்கு ஆடுவார்கள். தேநீர் நாங்கள் தருவோம். அந்தப் பையன்களிடம் ஒவ்வொருவராக, அடுத்த வருடம் எங்கே ஆடப்போகிறாய் என்று மட்டும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
வென்ட்வேர்த்வில், நியூ சவுத் வேல்ஸ்