விடுமுறையும் பிள்ளைகளின் பற்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறை வந்துவிட்டால் எங்கள் வீட்டு இனிப்பு டப்பாவுக்கு மூடி போடவே நேரமிருக்காது. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் பல்லுக்கு அதிகக் கெடுதல். இனிப்பு பட்டதும் வாயிலுள்ள பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குகிறது. அது தணிய அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் போனால் உமிழ்நீர் எப்போதுதான் பல்லைச் சரிசெய்யும்? சாப்பாட்டோடு சேர்த்தே இனிப்பைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் வாய் கொப்பளிக்கத் தண்ணீர்.

எனக்குப் பெரிய கவலை இரவுதான். போன விடுமுறையில் என் மகள் பல் துலக்காமலே தூங்கிவிட்டாள். காலையில் பார்த்தால், கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் முந்தைய நாள் மிட்டாய் அப்படியே ஒட்டியிருந்தது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். எவ்வளவு நேரம் கழித்து வீடு திரும்பினாலும், ஃப்ளூரைடு பற்பசையால் 2 நிமிடம் துலக்காமல் படுக்க விடாதீர்கள்.

இன்னொன்று: விளையாடும்போது நிரந்தரப் பல் முழுதாக விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்