பழைய கள்ளுக்கடையின் கூரையைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் பங்குனியில் நம் சாயாக்கடையின் கூரையைப் பிரித்து, இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக அதே ஓடுகளைக் கொண்டு மீண்டும் வேய இருக்கிறோம். ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டால் பிறகு கவலை இருக்காதே என்று உங்களில் பலர் அக்கறையோடு கேட்டீர்கள். அதற்கு உரிய விளக்கத்தை எழுத்தில் தருவது எங்கள் கடமை.

குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தைக்குப் போகும் பழைய வழியில் இருக்கும் இந்தக் கட்டடத்தை ஊர்க்காரர்கள் இன்றும் "கள்ளுக்கடை" என்றே சொல்லுகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நிலைப்படியின் மேல் செதுக்கியிருக்கும் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் என்ற எண்ணைப் பார்த்து, இது தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையான கட்டடம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது கொல்லம் ஆண்டு, ஆங்கில ஆண்டு அல்ல. நம் பகுதி அப்போது இருந்த திருவிதாங்கூர் ஆட்சியில் பத்திரங்களிலும் கட்டடங்களிலும் அந்தக் கணக்கையே எழுதினார்கள். கொல்லம் 1100 என்பது 1924–25. ஆகவே நம் கடைக்கு வயது ஏறத்தாழ நூறுதான். அந்த நூறே எங்களுக்குப் பெருமை. அதைக் கூட்டிச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை.

கள்ளுக்கடைகளை அரசு ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுத்த காலத்தில் எங்கள் பூட்டன் எடுத்து நடத்திய கடை இது. காலையும் மாலையும் பனையேறி இறக்கிய கள் நேராக இங்கே வந்து சேரும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிக்காமல் அக்கானியாக, அதாவது பதநீராக, நிற்கும். தடவாமல் இறக்கினால் கள்ளாகும். ஒரே பனை, ஒரே பாளை என்றாலும் அக்கானி கருப்பட்டி காய்ச்சப் போகும், கள் கடைக்கு வரும். கள் கலயங்கள் சாயாமல் நிற்பதற்காகத் தரையில் குடைந்த வட்டக் குழிகள் உள்ளறையில் இன்னும் இருக்கின்றன. அவற்றை மூடிச் சமப்படுத்தலாமா என்று தரை வேலைக்கு வந்தவர்கள் கேட்டபோது, எங்கள் பாட்டி சம்மதிக்கவில்லை.

1956 நவம்பர் 1-இல் நம் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்த பிறகு, மதுவிலக்குச் சட்டம் மாற மாறக் கடை மூடியும் திறந்தும் வந்தது. 1987 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் தடை செய்யப்பட்டதும் சாயாக்கடையாகவே நிலைத்துவிட்டது. இங்கே கள் கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு எங்கள் பதில், கிடைக்காது என்பதே. கள்ளுக்கடைக் காலத்திலிருந்து அடுப்படியில் மிஞ்சியிருப்பது மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் மட்டுமே.

இனிக் கூரைக்கு வருகிறோம். 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபை மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின் மேற்குக் கடற்கரை முழுவதும் பரவிய வகை ஓடு நம்முடையது. ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் கவ்விக்கொள்வதால் தனித்தனியே கழற்றி மாற்ற முடிகிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் நீரை உடனே வடித்து, அடுப்பின் புகையையும் வெக்கையையும் இடுக்கு வழியே வெளியே விடுகிற கூரை இது. இப்போது கெட்டிருப்பவை ஓடுகள் அல்ல. அவற்றைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பட்டியல்களும், சாய்வு மரங்களான மூன்று கழுக்கோல்களுமே. படகு கட்டவும் கதவு செய்யவும் நம் ஊரில் நம்பி எடுக்கிற அயினி மரத்தில் அவற்றை மாற்றுகிறோம்.

கான்கிரீட் தளத்தின் பாரத்தைச் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய இந்தச் சுவர்கள் தாங்கா. எங்கள் அப்பா காலத்தில் வடக்குச் சுவருக்கு மட்டும் சிமெண்டு பூசினோம். ஈரம் வெளியேற வழியின்றி இரண்டு மழைக்காலத்துக்குள் உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்ந்தது. அதைக் கொத்தி எடுத்து, கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்த சுண்ணாம்பையே திரும்பப் பூச நேர்ந்தது. அந்தத் தவறு எங்களுடையது, மறுமுறை செய்யமாட்டோம்.

முகப்பில் இரும்பு ஷட்டரும் வராது. கடை வாசலை அடைக்கச் செருகும் நிரைப்பலகைகளை எந்த வரிசையில் செருக வேண்டும் என்பதற்குத் தச்சர் உளியால் வெட்டிய கோடுகள் ஒவ்வொன்றிலும் இருக்கின்றன. விடியற்காலையில் அவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுக்கும் ஓசையைக் கேட்டுத்தான் அடுத்த வீட்டுப் பாட்டா இன்றும் எழுந்து வருகிறார். ஆனால், பழமை என்ற பெயரில் உங்களைச் சிரமப்படுத்த நாங்கள் விரும்பவில்லை. கை கழுவும் இடமும் கழிப்பறையும் புதிதாகக் கட்டப்படும்; உயரமான வாசற்படிக்குப் பக்கத்தில் முதியவர்கள் ஏறச் சாய்தளமும் கைப்பிடியும் வரும்.

வேலை நடக்கும் நாட்களில் பக்கத்துத் தோப்பில் ஓலைப் பந்தல் போட்டுச் சாயாவும், கருப்பட்டிக் காப்பியும், வடையும் தருவோம். கிழங்கும் மீனும் மட்டும் அதுவரை இருக்காது. உங்கள் வீட்டில் பழைய ஓட்டைப் பிரித்து அடுக்கி வைத்திருந்தால், உடைந்தவற்றுக்கு ஈடாக அவற்றை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம். மாதிரிக்கு ஓர் ஓட்டைக் கடைக்குக் கொண்டு வந்தால் பொருந்துமா என்று பார்த்துச் சொல்லிவிடுவோம்.

தங்கள் அன்புள்ள,
கடைக் குடும்பத்தினர்