ஒற்றை டிக்கில் நிற்கும் செய்தி

மதுரை, எல்லீஸ் நகர்
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். மியூனிக்கில் குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வாட்ஸ்அப்பைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டதாகவும், இனி நண்பர்கள் எல்லோரும் சிக்னல் செயலிக்கு வந்து பேசட்டும் என்று அறிவித்துவிட்டதாகவும், மாத முடிவில் பழைய கணக்கையே அழித்துவிடப் போவதாகவும் மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தாய். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அப்பா?" என்றும் கேட்டிருந்தாய். உடனே பதில் எழுதாமல் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்வந்த பிறகு இனியும் தாமதிக்கக் கூடாது என்று தோன்றியதால், தபாலில் போடாமல் மின்னஞ்சலிலேயே எழுதுகிறேன்.

உன் காரணம் நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 29 ஆண்டுகள் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால், செய்தியின் ரகசியம் என்பது எனக்கு ஏட்டில் படித்த விஷயம் அல்ல. ஒருவர் படிவத்தில் எழுதிக் கொடுக்கும் தந்தியைக் கவுண்டரில் இருப்பவர் சொற்களை எண்ணுவதற்காகப் படிப்பார். இயந்திரத்தில் அடிப்பவர் படிப்பார். அடுத்த ஊரில் வாங்குபவர் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத வீடாக இருந்தால் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊழியரே உரக்கப் படித்துக் காட்டுவார். ஊரின் சாவும் பிறப்பும் கடனும் நின்றுபோன கல்யாணமும் எங்கள் கண்ணைக் கடந்துதான் போயின. அவற்றில் ஒன்றையும் நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, செய்தியை வெளியிடும் ஊழியருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை என்றது. அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவு, தேவைப்பட்டால் அரசே செய்தியை நிறுத்திப் பார்க்கலாம் என்றது. ஆக, மக்களின் ரகசியம் எங்கள் நாவடக்கத்தை நம்பித்தான் இருந்தது.

இன்று அந்த நிலை மாறிவிட்டது. அனுப்புபவரின் கைபேசியில் பூட்டிய செய்தி, பெறுபவரின் கைபேசியில்தான் திறக்கிறது. நடுவில் சுமந்து செல்லும் நிறுவனத்திடம் சாவியே இல்லை. படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த எங்களை விட, படிக்கவே முடியாத இந்த ஏற்பாடு எவ்வளவோ மேலானது என்று நான் மனதார நினைக்கிறேன். ஆனால் வாட்ஸ்அப்பிலும் 2016 ஏப்ரல் முதல் இதே பூட்டு எல்லாச் செய்திகளுக்கும் போடப்படுகிறது என்பதையும், அந்தப் பூட்டின் முறை சிக்னலை உருவாக்கியவர்களுடையதே என்பதையும் நீ மறந்துவிடக் கூடாது. வேறுபாடு இருப்பது பதிவேட்டில். யார் யாருக்கு எந்த நேரத்தில் எத்தனை முறை அனுப்பினார்கள் என்ற விவரங்களை வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனம் அறிய முடியும். சிக்னலோ லாப நோக்கமற்ற அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் நீதிமன்ற ஆணையோடு விவரம் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் ஆகிய இரண்டை மட்டுமே அவர்களால் கொடுக்க முடிந்தது, ஏனென்றால் அவர்களிடம் வேறெதுவும் இல்லை. அந்த அளவில் உன் தேர்வே உயர்ந்தது. நானும் சிக்னலை ஏற்றிக்கொண்டுவிட்டேன்.

உன் கல்லூரித் தோழி ஒருத்தி டெலிகிராமுக்கு அழைப்பதாக எழுதியிருந்தாய். எங்கள் தந்திச் சேவை 2013 ஜூலை 15-ஆம் நாள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே, எங்கள் தொழிலின் பெயரைச் சூட்டிக்கொண்டு இந்தச் செயலி வெளிவந்தது. பெயர் மட்டுமல்ல, ஒரு வகையில் வேலையும் எங்களுடையதுதான். அதில் சாதாரணமாக எழுதும் எதுவும் நிறுவனத்தின் கணினியில் அவர்கள் திறக்கக்கூடிய நிலையிலேயே இருக்கிறது; "ரகசிய உரையாடல்" என்பதை நீயாகத் தேர்ந்தெடுத்தால்தான், அதுவும் இருவர் பேசும்போது மட்டும்தான், முழுப் பூட்டு விழும். இரண்டு லட்சம் பேர் வரை கூடும் குழுக்களும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் பாடக் குறிப்புகளும் அங்கு இருக்கட்டும். ஒரு தோழி தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லும் இடமாக அதை வைத்துக்கொள்ளாதே.

நம் மாநிலத்தில் பிறந்த ஜோஹோவின் அரட்டை செயலியையும் பார்த்தேன். 2025 செப்டம்பரில் ஏராளமானோர் அதில் சேர்ந்தபோது அழைப்புகளுக்கு மட்டுமே முழுப் பூட்டு இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கான பூட்டு பின்னர்தான் வரத் தொடங்கியது. நம்மவர்கள் செய்தது என்பதில் பெருமைதான், இருந்தாலும் உன் நண்பர்களில் யாரும் அங்கு இல்லாதபோது நீ மட்டும் போய் என்ன செய்வாய்?

உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 1865-இல் இருபது ஐரோப்பிய நாடுகள் பாரிஸில் கூடி, ஒரு நாட்டின் தந்தி இன்னொரு நாட்டின் கம்பியில் தடையின்றிப் போவதற்குப் பொது விதிகளை வகுத்து, சர்வதேசத் தந்தி ஒன்றியத்தைத் தொடங்கின. அதனால்தான் மேலூர்க்காரர் ஒருவர், எந்த நிறுவனத்தின் கம்பி எது என்ற கவலையே இல்லாமல், உலகின் எந்த ஊருக்கும் தந்தி கொடுக்க முடிந்தது. இந்த மின்னஞ்சலும் அப்படித்தான். உன்னுடையது ஒரு நிறுவனம், என்னுடையது வேறு, ஆனாலும் வந்து சேர்கிறது. அரட்டைச் செயலிகள் மட்டும் தனித்தனிக் கோட்டைகளாக நிற்கின்றன. நீ இருக்கும் ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டம் என்ற ஒன்றின் வழியாகப் பெரிய செயலிகளின் கதவைப் பிறருக்குத் திறக்கச் சொல்கிறார்கள் என்று படித்தேன். என்றாலும் சிக்னலிலிருந்து வாட்ஸ்அப்புக்கு ஒரு வரி அனுப்ப இன்றும் வழியில்லை. ஆகவே நீ ஒரு செயலியை விட்டு வெளியேறும்போது, அதில் இருக்கும் நண்பர்களை விட்டும் வெளியேறுகிறாய். அவர்களும் கிளம்பி வரலாமே என்பாய். எல்லோராலும் கிளம்பிவிட முடியாது.

பெங்களூரில் கணினி வேலையில் இருப்பவனுக்கு நீ சொன்ன அன்றே சிக்னல் வந்திருக்கும். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் உன் தோழி, இரவுப் பணி முடிந்த ஒரு காலையில் ஏற்றிக்கொண்டிருப்பாள். மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருக்கும் உன் தோழியின் நிலை வேறு. அவளிடம் இருப்பது அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கைபேசி. உன் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, அக்காள் மகனிடம் கொடுத்து சிக்னலை இறக்கச் சொல்லியிருக்கிறாள். இடமில்லை என்று காட்டியிருக்கிறது. இடம் உண்டாக்க வேண்டுமானால் கடை வைத்த நாளில் எடுத்த படங்களை அழிக்க வேண்டும். மொத்த வியாபாரிகள், கோயிலுக்கு மாலை எடுப்பவர்கள், கல்யாண வீட்டார், எல்லோரும் அவளுக்கு ஆர்டர் சொல்வது வாட்ஸ்அப்பில். உனக்காக மட்டும் இன்னொரு செயலியைத் திறந்து பார்க்க அவளுக்கு நேரம் கிடையாது. நேரமில்லை என்பதற்காக அன்பு இல்லை என்று ஆகிவிடாது.

அவள் உன்னோடு எப்படிப் பேசுவாள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு கையும் பூவும் நாருமாக இருக்கும். கைபேசியைத் தராசுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, குரல் பதிவு செய்யும் பொத்தானை முழங்கையாலோ சுண்டுவிரலாலோ தள்ளிவிட்டு, கட்டிக்கொண்டே பேசுவாள். அங்கு விடியற்காலை மூன்றரை மணியென்றால் கோடைக்காலத்தில் உனக்கு நள்ளிரவு. இருவரும் ஒரே நேரத்தில் அழைப்பில் இருப்பது எப்போதோ ஒரு நாள்தான் முடியும். அவள் அதிகாலையில் பேசி வைப்பதை நீ காலையில் ரயிலில் கேட்பதும், நீ மாலையில் பேசி வைப்பதை அவள் மறுநாள் வியாபாரம் தணிந்தபின் கேட்பதுமாக இத்தனை ஆண்டுகள் உங்கள் நட்பு நடந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது 2013 ஆகஸ்டில், எங்கள் தந்தி நின்ற மறுமாதம். தந்தியில் ஒரு சொல் கூடினால் கட்டணம் கூடும் என்று வாக்கியத்தை வெட்டி வெட்டிக் கொடுத்தவர்களைப் பார்த்த எனக்கு, எழுத வராத ஒருத்தி ஏழு நிமிடம் மனம்விட்டுப் பேசி அனுப்புவது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

எனவே நான் சொல்லும் வழி இதுதான். எந்தச் செயலி என்பதை, நகர முடியாத நண்பரை வைத்து முடிவு செய். வரக்கூடியவர்களோடு சிக்னலில் பேசு; அவள் போன்றவர்களுக்காக வாட்ஸ்அப்பையும் வைத்துக்கொள். உனக்கு இரண்டு செயலி என்பது சிறு தொந்தரவு. அவளுக்கு அது முடியாத காரியம்.

எந்தச் செயலியையும் நிரந்தரம் என்று நம்பிவிடாதே. ஆர்குட் 2014-இலும், யாஹூ மெசஞ்சர் 2018-இலும், ஐசிக்யூ 2024-இலும், ஸ்கைப் 2025-இலும் மூடப்பட்டன. என்னோடு வேலை பார்த்த ஒருவர் விருப்ப ஓய்வு பெற்று மஸ்கட்டுக்குப் போனபின், உன் அண்ணன் கற்றுக்கொடுத்த ஓர் அரட்டைச் செயலியில், பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவரோடு வாரம் தவறாமல் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய பயனர் பெயரைத் தவிர எதையும் நான் குறித்துவைக்கவில்லை. அந்தச் சேவை நின்ற பிறகு அவரைத் தேட எனக்கு ஒரு நுனியும் கிடைக்கவில்லை. தவறு என்னுடையது, ஓர் எண்ணை எழுதி வைக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நீ இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நண்பர்களின் எண், வீட்டு முகவரி, வீட்டில் இன்னொருவரின் எண், இவை மூன்றையும் கையால் எழுதி வை.

பள்ளித் தோழர்களின் குரூப்பில் இருந்தால் போதாதா என்று முன்பு ஒருமுறை கேட்டாய். போதாது. குரூப் என்பது அறிவிப்புப் பலகை. மேலூரில் உன் வகுப்புத் தோழியின் அப்பா இறந்தபோது அதில் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்ததாகச் சொன்னாய். அவள் நினைவில் வைத்திருப்பது நீ அன்றிரவு தனியாக அழைத்துப் பேசியதையும், பூக்கடைத் தோழி கடையை அடைத்துவிட்டுப் பஸ் ஏறி வந்ததையும்தான்.

இனி, செய்ய வேண்டியவை. உன் மதுரை எண்ணின் சிம் என்னிடம் இருக்கிறது. 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் எண்ணைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் நான் விடாமல் ரீசார்ஜ் செய்துவருகிறேன். இத்தகைய செயலிகள் கைபேசியில் உள்ள சிம்மோடு இணைந்தே இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் நம் அரசு உத்தரவு வேறு போட்டிருக்கிறது. ஆகையால் வாட்ஸ்அப்புக்குள் மீண்டும் போனதும், அமைப்புகளில் உள்ள "எண்ணை மாற்று" என்ற வழியில் கணக்கை உன் ஜெர்மன் எண்ணுக்கு மாற்றிவிடு. குரூப்கள் உன்னோடு வரும், பேக்கப் (சேமித்து வைத்த நகல்) இருந்தால் பழைய உரையாடல்களும் வரும், நண்பர்களுக்கும் தெரிவிக்கலாம். கணக்கைக் காக்க ஆறு இலக்க ரகசிய எண் (PIN) ஒன்றும் வைத்துக்கொள். பேக்கப்புக்குத் தனியாகப் பூட்டுப் போடும் வசதி 2021 முதல் இருக்கிறது. அதைப் போடாவிட்டால் கூகுள் டிரைவில் கிடக்கும் நகலுக்கு முழுப் பூட்டு இருக்காது, நீ இவ்வளவு கவலைப்பட்டதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

வெள்ளிக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போனது அம்மாவுக்குப் பூ வாங்கத்தான். உன் தோழி என்னைப் பார்த்ததும், "அப்பா, அவ எம்மேல கோவமா இருக்காளா?" என்று கேட்டாள். கைபேசியை எடுத்துக் காட்டினாள். உனக்கு அனுப்பிய குரல் பதிவு, நான்கு நிமிடத்துக்கு மேல் நீளமானது, ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதில் என்ன சொன்னாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அவள் அனுப்பி இன்றோடு 19 நாட்கள் ஆகின்றன. சேராத செய்தியை வாட்ஸ்அப் தன் கணினியில் 30 நாட்கள்தான் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். நீ செயலியை மட்டும் நீக்கிவிட்டுக் கணக்கை இன்னும் அழிக்காமல் இருந்தால், பழைய எண்ணிலேயே மறுபடி நுழையும்போது அது உனக்கு வந்து சேரும். உறுதிசெய்யும் எண் இங்கே என்னிடம் இருக்கும் சிம்முக்கு வரும். செய்தியில் கேட்காதே, அழைத்துக் கேள். உன் குரலைக் கேட்ட பிறகுதான் படித்துச் சொல்வேன். நாளை இரவு எத்தனை மணியானாலும் விழித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா