பாடகர் குழுத் தலைவர்களுக்கு ஒரு மடல்: ‘அமேசிங் கிரேஸ்’ கதையை முழுசாகச் சொல்லுங்கள்

அன்புள்ள பாடகர் குழுத் தலைவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

ஆங்கில ஆராதனையில் ‘அமேசிங் கிரேஸ்’ (‘அற்புதமான கிருபை’) பாடும் முன் யாராவது மைக்கைப் பிடித்துக் கதை சொல்வது வழக்கம். அடிமைக் கப்பல் மாலுமி ஜான் நியூட்டன் புயலில் சிக்கினார், மனந்திரும்பினார், அந்தத் தொழிலை உதறினார், பாட்டு எழுதினார். சாட்சி சொல்ல வசதியான கதைதான். நடந்தது அப்படி இல்லை.

புயல் வந்தது 1748 மார்ச்சில். அதற்குப் பிறகுதான் நியூட்டன் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனார். 1754-இல் அவர் கடலை விட்டதும் உடம்பு கெட்டதால்தான், மனசாட்சி உறுத்தியதால் அல்ல. பின்னர் குருவானவராகி, இங்கிலாந்தின் ஓல்னி என்ற சிற்றூரில் 1773 புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக இந்தப் பாட்டை எழுதினார். அன்றைய வேதபகுதி 1 நாளாகமம் 17, ‘நான் எம்மாத்திரம்? என் வீடும் எம்மாத்திரம்?’ என்று தாவீது கேட்கிற இடம். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் புத்தகம் வெளியிட்டது 1788-இல். புயலுக்கும் அதற்கும் நடுவே 40 வருஷம்! அதை மறைத்துவிட்டு ஒரே ராத்திரியில் நல்லவரானார் என்றால், பாட்டில் வரும் கிருபைக்கு அப்புறம் என்ன வேலை?

இன்னொன்று, திரையில் ‘பாடலும் இசையும்: ஜான் நியூட்டன்’ என்று போடாதீர்கள். நியூட்டன் 1807-இல் இறந்துவிட்டார். இன்று நாம் பாடும் மெட்டை இந்த வரிகளோடு சேர்த்து அச்சிட்டவர் அமெரிக்கர் வில்லியம் வாக்கர், 1835-இல். ‘பத்தாயிரம் ஆண்டுகள்’ என்று வரும் கடைசிக் கவியும் (சரணமும்) நியூட்டனுடையது அல்ல. 1852-இல் வெளிவந்த ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் அடிமையான டாம் அந்தக் கவியைப் பாடுகிறார். கேப்டன் எழுதிய பாட்டோடு அடிமையின் வாயில் வந்த கவி ஒட்டிக்கொண்டதை ஒரு வரியாவது சொல்லலாமே.

பயிற்சிக்கு எல்லாரும் 1972-இல் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த, ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸ் என்ற ராணுவப் படைப்பிரிவின் பேக்பைப் பதிவையே போடுகிறீர்கள். கம்பீரம் சரி, வார்த்தையே இல்லையே! அமெரிக்கப் பாடகி ஜூடி காலின்ஸ் 1970-இல் வாத்தியம் இல்லாமல் பாடிய பதிவு மூச்சு எங்கே எடுப்பது என்று கற்றுத் தரும். அதைவிட நல்லது, 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பாப்டிஸ்ட் ஆலயத்தில் அமெரிக்கப் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் பாடியது. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். சபையார் நடுநடுவே குரல் கொடுப்பது அப்படியே கேட்கும். அடுத்த பயிற்சியில் அதை ஒருமுறை முழுசாகப் போட்டுவிட்டு, அப்புறம் நோட்டேஷனை எடுங்கள்.

இப்படிக்கு,
பின்வரிசை டெனர் ஒருவன்