கார்ட்டூன்களின் தமிழ்க் குரல்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறுவர் சேனல்களை நடத்துபவர்களுக்கும், அவற்றுக்குத் தமிழ் டப்பிங் செய்து கொடுத்த ஸ்டூடியோக்களுக்கும், அந்தத் தொடர்களின் உரிமையை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் இந்தியப் பிரிவுகளுக்கும்,

வணக்கம்.

2000-களில் நீங்கள் ஒளிபரப்பிய கார்ட்டூன்களின் தமிழ் ஆடியோ இப்போது எங்கே இருக்கிறது? நான் கேட்க வந்தது முக்கியமாக இதைத்தான்.

படத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 'ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்' அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஐந்து சீசன், 95 எபிசோடு ஓடியது. ஆங்கிலத்தில் பார்க்க நினைப்பவர் எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்த எங்களுக்கு ஜாக்கி தமிழ்தான் பேசினார். காய்ந்த பேத்தை மீனைக் கையில் பிடித்துக்கொண்டு அவருடைய அங்கிள் ஓதும் அந்தக் கான்டனீஸ் மந்திரத்தை, ஸ்கேலை நீட்டிக்கொண்டு வகுப்பு முழுக்க ஓதித் திரிந்தோம். (பேய் பிசாசே, சீக்கிரம் ஓடிப்போ என்பதுதான் அதன் அர்த்தமாம். நம்ம ஊர் கோடாங்கி சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.) முப்பது வயதைத் தொட்ட பிறகு அதே தொடரை ஆங்கிலத்தில் போட்டால் யாரோ வேற்று ஆள் பேசுவதுபோல் இருக்கிறது. நன்றாகத்தான் நடித்திருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு எபிசோடுக்கு மேல் ஓட்ட முடியவில்லை.

2007-இல் சுட்டி டிவி வந்த பிறகு நாள் முழுக்கத் தமிழ் கிடைத்தது. அதற்கு முன்பு அப்படி இல்லை. ஒரே சேனல், ஒரே படம், கூடவே இரண்டு மூன்று மொழிகளில் ஆடியோ. செட்டாப் பாக்ஸ் வராத காலத்தில் அதில் எதை வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தவர் கேபிள்காரர். தன் கன்ட்ரோல் ரூமில் ரிசீவரை இந்தியில் வைத்துவிட்டால் தெருவே இந்தியில் போக்கிமான் பார்த்தாக வேண்டும். பக்கத்துத் தெருவுக்கு வேறு ஆபரேட்டர், அங்கே தமிழ். மாசக் காசு வாங்க வருபவரிடம் "அண்ணே, தமிழ்ல போடச் சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சிய பிள்ளைகள் எத்தனையோ பேர். தமிழ் ஆடியோவுக்கு நேயர் இருந்தார்களா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டால், அந்த கேபிள்காரர்களை விசாரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் டோரா. அமெரிக்க மூலத்தில் அவள் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக் கொடுப்பாள். 'டோராவின் பயணங்கள்' ஆனபோது தமிழில் பேசி ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். பூட்ஸ் என்ற குரங்கு புஜ்ஜி ஆனது. 'குள்ளநரி திருடக் கூடாது' என்பது இன்றைக்கு அரசியல் மீம் வரைக்கும் வந்து நிற்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, உதடு அசையும் நேரத்துக்குள் அடங்குகிற மாதிரி, குழந்தை வாயில் நிற்கிற மாதிரி அந்த வரியை எழுதியிருக்கிறார். யாரோ ஒருவர் மைக் முன்னால் நின்று பேசியிருக்கிறார். அவர்கள் பெயர் என்ன?

பொதுவாகவே டப்பிங் கார்ட்டூன்களின் முடிவில் மூலக் கலைஞர்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் ஓடும். தமிழில் எழுதியவர், பேசியவர் பெயரைப் பார்ப்பது அபூர்வம். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகலைஞர் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையைத் தந்திருக்கிறது. டப்பிங் கலைஞருக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். சட்டத்தைப் பார்த்துத்தான் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டுமா என்ன?

நீங்கள் வெளியிடாததால் ரசிகர்களே செய்துகொண்டிருக்கும் வேலையைச் சொல்கிறேன். ஒருவரிடம் டிவி ட்யூனர் கார்டு (டிவி நிகழ்ச்சியைக் கம்ப்யூட்டரில் பதிய உதவும் கருவி) வைத்துப் பதிவு செய்த பழைய எபிசோடு இருக்கும். மூலையில் சேனல் லோகோ, கீழே ஓடும் எழுத்து, படம் மங்கல், ஆனால் ஆடியோ தமிழ். இன்னொருவரிடம் டிவிடி பிரதி இருக்கும். படம் பளிச், ஆடியோ ஆங்கிலம். இரண்டையும் ஒட்டினால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். ஒட்டாது. நம் ஊர் ஒளிபரப்பு நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படங்கள். மூலம் பெரும்பாலும் 24. 25-க்கு ஏற்றும்போது வேகம் 4 சதவீதம் கூடிவிட்டால், 22 நிமிட எபிசோடு முடிவதற்குள் வாயும் பேச்சும் ஏறக்குறைய ஒரு நிமிடம் விலகிவிடும். ஆகவே ஆடியோவை இழுத்து நீட்ட வேண்டும். நீட்டும்போது குரலின் சுருதி மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு, விளம்பரத்துக்காக ஒளிபரப்பில் வெட்டிய இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி இடைவெளி விட வேண்டும். வெட்டுப்பட்ட வசனத்துக்குத் தமிழே கிடையாது. சண்டை நடுவில் ஜாக்கி திடீரென்று இரண்டு வரி ஆங்கிலம் பேசிவிட்டுத் தமிழுக்குத் திரும்புவார். இரவு வேலை முடிந்து வந்து, ஒரு எபிசோடுக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு பைசா வருமானம் இல்லாமல் இதைச் செய்கிறார்கள்.

அப்படிச் செய்ததை எங்காவது ஏற்றினால் காப்பிரைட் நோட்டீஸ் வருகிறது. உங்கள் உரிமையை மறுக்கவில்லை. ஆனால் கடையையும் திறக்காமல், திண்ணையில் கொடுப்பவனையும் விரட்டினால் வந்தவன் எங்கே போவான்?

இதில் இருக்கும் சிக்கல் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சேனல்காரர்களே, தொடரைச் சில வருட ஒப்பந்தத்தில் வாங்குகிறீர்கள். டப்பிங் செலவு உங்களுடையது. ஒப்பந்தம் முடிந்ததும் படத்தை ஒளிபரப்பும் உரிமை போய்விடுகிறது. தமிழ் ஆடியோ யாருக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். படம் ஒருவரிடம், குரல் ஒருவரிடம். ஆடியோ இல்லாமல் படத்தின் உரிமையாளர்கள் தமிழில் வெளியிட முடியாது, படம் இல்லாமல் நீங்கள் எதையும் வெளியிட முடியாது. இரண்டு பக்கமும் சும்மா இருப்பதுதான் சுலபம், அதனால் சும்மா இருக்கிறீர்கள்.

டேப் அப்படிச் சும்மா இருக்காது. அந்தக் காலத்து மாஸ்டர்கள் (மூலப் பிரதிகள்) பலவும் பீட்டாகேம், டிஜிபீட்டா டேப்களில் இருந்தவை. அவற்றை ஓட்டும் இயந்திரங்களின் விற்பனையை சோனி 2016-இல் நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது: 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை கைவிட்டுப் போகும் என்று. அந்த வருடமும் தாண்டிவிட்டது. நம் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் கிடக்கும் டேப்புக்கு இன்னும் எத்தனை நாள்?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. டோரேமானைத் தெரியாத பிள்ளை இங்கே உண்டா? நமக்குத் தெரிந்தது 1979-இலும் 2005-இலும் தொடங்கிய தொடர்கள். அதற்கு முன்பே 1973 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நிப்பான் டிவியில் ஒரு டோரேமான் ஓடியது. தயாரித்த கம்பெனி மூடப்பட்டது, ஃபிலிம்கள் சிதறின, பெரும்பகுதி போயே போய்விட்டது. ஜப்பானின் செல்லப்பிள்ளைக்கே அந்தக் கதி. அண்மையில்கூட, 2022-இல், 'இன்ஃபினிட்டி டிரெயின்' என்ற கார்ட்டூனை அதன் சொந்த நிறுவனமே தன் தளத்திலிருந்து தூக்கிவிட்டது.

மறுபடி டப்பிங் செய்துவிட்டால் போச்சு என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். புதுத் தொடருக்குச் செய்யுங்கள், வரவேற்கிறோம். பழையதற்குப் புதுக் குரல் போட்டால் அது வேறு சரக்கு. அதிலும் கம்ப்யூட்டரே பேசும் குரலைப் போட்டு ஒப்பேற்றலாம் என்ற யோசனை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

காசு வருமா என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி, நியாயம்தான். 1992-இன் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற இந்திய-ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்பு, 2025 ஜனவரியில் தமிழ் உட்படப் புது டப்பிங்கோடு திரையரங்குக்கு வந்தது. அதே வருடம் செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் தமிழிலும் வெளியானது. சென்னையில் காமிக்ஸ், கார்ட்டூன் ரசிகர்களின் திருவிழாவான காமிக் கான் நடக்கிறது, ஜப்பானியக் கார்ட்டூன் நாயகன் நருட்டோ வேஷம் கட்டிக்கொண்டு மெட்ரோவில் வந்து இறங்குகிறார்கள். இந்தக் கூட்டத்தில் பலர் உங்கள் பழைய நேயர்கள்தான். அன்று ரிமோட்டுக்காக அக்காவோடு சண்டை போட்டவர்கள் இன்று சந்தா கட்டும் நிலையில் இருக்கிறார்கள். படம் ஏற்கெனவே ஓடிடியில் இருக்கிற தொடர்களுக்குத் தமிழ் ஆடியோவை மட்டும் சேர்த்துவிட்டால் போதும். புதுத் தயாரிப்புச் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

வியாபாரத்துக்கு ஒத்துவராத தொடர்களும் இருக்கும். அவற்றின் ஆடியோவை டிஜிட்டலுக்கு மாற்றி, ஆய்வாளர்கள் மட்டும் கேட்கலாம் என்ற நிபந்தனையோடாவது ஒரு காப்பகத்தில் கொடுத்துவையுங்கள். பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில்தான் இருக்கிறது. பேசிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

இதற்கெல்லாம் நாளாகும் என்றால், முதலில் ஒரு எக்செல் ஷீட் போதும். தொடரின் பெயர், எபிசோடு எண், தமிழ் ஆடியோ இருக்கிறதா இல்லையா, எழுதியவர் யார், பேசியவர் யார். இவ்வளவுதான். பழைய சம்பள வவுச்சர்களைப் புரட்டினாலே பாதிப் பெயர் கிடைத்துவிடும். 'இல்லை, அழித்துவிட்டோம்' என்பதுதான் பதில் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பரணில் கிடக்கும் வீடியோ கேசட்டுகளையும் பழைய ஹார்டு டிஸ்க்குகளையும் ஊர் ஊராகத் திரட்டும் வேலையை நாங்கள் ஆரம்பித்துக்கொள்கிறோம். ஆனால் அப்படித் திரட்டியதை ஏற்றும்போது நோட்டீஸ் அனுப்ப மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
தமிழில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த ஒரு 90ஸ் கிட்