ரயிலிலிருந்து படிக்கும் சுவர்

அன்புள்ள கயலுக்கு,

ரயிலில் போகிறவர்கள் படிக்கிற மாதிரி ஒரு வரி எழுத, ரயில் பாதையைப் பார்த்த செங்கல் சுவர் கிடைத்திருக்கிறது, பாதையிலிருந்து 100 அடி என்று எழுதியிருந்தாய். பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் உன் ஊர் ஃபிலடெல்ஃபியாவின் மார்க்கெட் தெரு மேம்பால ரயிலில் 45-வது தெருவிலிருந்து 63-வது தெருவரை ஒருதரம் போய் வா. ஸ்டீவ் பவர்ஸ் என்கிற சுவரோவியர் 2009-ல் அந்த வழியில் 50 சுவர்களில் ஒரு காதல் கடிதம் எழுதினார். பார்வைக்கு அச்சு அசலாகக் கடை விளம்பரம். '52-வது தெருவில் சந்திப்போம், 50 நொடிக்காவது' என்கிற மாதிரி வரிகள். விலையோ போன் நம்பரோ கிடையாது. விற்க ஒன்றுமில்லை என்று உறைக்கும்போதுதான் மனசு அதில் நிற்கிறது. அதனால் உன் பெயரை மூலையில் பெரிதாகப் போட்டுவிடாதே.

10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம் என்பது நின்று படிக்கிறவர் கணக்கு. உனக்கு அது 10 அங்குலம். ஓடும் ரயிலுக்கு 24 வை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் நொடிக்கு 11 மீட்டர் ஓடும். 45 மீட்டருக்குத்தான் சுவர் தெரியும் என்றால் 4 நொடி. ஆறேழு வார்த்தைக்கு மேல் ஏறாது. சாய்வாகப் பார்க்கையில் எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும், இடைவெளியைத் தாராளமாக விடு.

எழுத்தின் கோட்டுத் தடிமன் அதன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஓ, எஸ் போன்ற வட்ட ஆங்கில எழுத்துகள் கோட்டுக்குள் அடங்கினால் சிறுத்துத் தெரியும். மேலும் கீழும் அரை அங்குலம் தாண்டட்டும். தமிழ் வரி சேர்த்தால் ண-வின் சுழிகளில் தடிமனைக் குறை. அடைத்துக்கொண்டால் தூரத்தில் ன-வாகிவிடும்.

எனாமல் வேண்டவே வேண்டாம்மா. செங்கல் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். எனாமல் அதை அடைத்தால் கொப்புளம் கிளம்பும். அங்கே பனிக்காலத்தில் உள்ளிருக்கும் ஈரம் உறைந்து செங்கல் முகத்தையே பெயர்க்கும். உதிர்வதைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சிமென்ட் சுவருக்கான ப்ரைமர் ஒரு கோட், வெளிச்சுவர் அக்ரிலிக் இரண்டு கோட். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் வேலையை நிறுத்து, பெயிண்ட் சரியாகப் பிடிக்காது.

சுவரில் நேர்கோடு போட, பொடி தடவிய நூலை இழுத்து அடிக்க நீலப் பொடி வாங்கு. சிவப்புப் பொடி கறையாகத் தங்கி மேல் கோட்டிலும் கசியும்.

கோடு போடுமுன் 24 அங்குலத்தில் ஓர் எழுத்தைக் காகிதத்தில் வெட்டிச் சுவரில் ஒட்டு. பிறகு ரயிலேறி, இருக்கையில் உட்கார்ந்தபடி பார். தெரியவில்லையென்றால் 30 ஆக்கு.

அன்புடன்,
அப்பா