இஸ்திரி போட்ட மூன்று நோட்டுப் புத்தகங்கள்

அன்புள்ள எல்லோருக்கும்,

வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. உட்கார்ந்து எழுத முடிகிறது. கை நடுக்கம் மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை. நடந்ததை மறுபடி சொல்லப்போவதில்லை. அந்த ஆற்றையும் வண்டியையும் அப்புறம் வந்த காய்ச்சலையும் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். நான் பாதி நாள் நினைவில்லாமல் கிடந்தேன்.

ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவிலிருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்த தோழிக்கு, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய லாரிக்காரருக்கும் அவருடைய பையனுக்கும், மருத்துவருக்கு, மூன்று செவிலியர்களுக்கு, கேட்காமலேயே பணம் அனுப்பியவர்களுக்கு, அம்மாவுக்கு தினமும் போன் செய்து தைரியம் சொன்னவர்களுக்கு, கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் எனக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கு, எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவேன். கொஞ்சம் நாள் கொடுங்கள்.

இந்த மடலில் ஆஸ்பத்திரியில் பார்த்த ஒரு பெரியவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ம்பாலாவில் உனக்கு என்ன வேலை என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஜாம்பியாவின் வடக்கு மூலையில், டாங்கனிக்கா ஏரிக்கு மேலே இருக்கிற சின்ன ஊர் அது. பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட காலத்தில் அதன் பெயர் அபர்கார்ன். 1949ல் பிரிட்டன், பெல்ஜியம், தென்னாப்பிரிக்கா எல்லாம் சேர்ந்து தொடங்கிய சர்வதேச சிவப்பு வெட்டுக்கிளிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு அதுதான் தலைமையிடமாக இருந்தது. சிவப்பு வெட்டுக்கிளி 1930 வாக்கில் கிளம்பி 1944 வரை ஆப்பிரிக்காவின் தென்பாதி முழுவதையும் தின்று தீர்த்தது. தவிட்டில் ஆர்சனிக் கலந்து தூவினார்கள், பள்ளம் வெட்டிக் குஞ்சுகளை அதில் விரட்டித் தள்ளினார்கள். பல காலனிகளில் ஊர்த்தலைவர்கள் மூலம் ஆட்களைக் கட்டாயப்படுத்தித்தான் அந்தப் பள்ளங்களை வெட்ட வைத்தார்கள். எதுவும் போதவில்லை. கூட்டம் கிளம்பிவிட்ட பிறகு அதன் பின்னால் ஓடுவதில் பயனில்லை, அது எங்கே கூட்டமாக மாறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்தக் கேள்விக்கு வழி திறந்தவர் போரிஸ் உவாரோவ். ரஷ்யப் பேரரசில் பிறந்து லண்டனில் வேலை பார்த்தவர். தனியாகத் திரியும் சாதுவான பூச்சியும் வானத்தை மறைக்கும் கூட்டத்துப் பூச்சியும் ஒரே இனம்தான், நெருக்கம் கூடும்போது நிறமும் குணமும் மாறுகின்றன என்று 1921ல் எழுதினார். அப்படியானால் நெருக்கம் கூடும் இடங்களைத் தேட வேண்டும். சிவப்பு வெட்டுக்கிளிக்கு அப்படிக் கிடைத்த இடங்களில் முக்கியமானவை இரண்டு: ஜாம்பியாவில் ம்வேரு வா ன்டிபா, தான்சானியாவில் ருக்வா பள்ளத்தாக்கு. வெள்ளம் ஏறி இறங்கும் புல்வெளிகள். ஒரு கண்டத்தின் பாதியைத் தின்ற கூட்டம் இவ்வளவு சின்ன இடங்களிலிருந்து கிளம்பியிருக்கிறது என்பதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுத, அதற்குப் பின்னால் ஓடி ஓடித்தான் இந்த ஆறு வருடம் போனது.

சரி, பெரியவருக்கு வருகிறேன்.

என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் அவருடைய மனைவி படுத்திருந்தார். பெரியவருக்கு எண்பது வயதை ஒட்டி இருக்கும். பார்வையாளர் நேரத்தில் தூக்குப் பாத்திரத்தில் ன்ஷிமா என்ற மக்காச்சோளக் களியும் கபென்டா மீனும் கொண்டுவந்து மனைவிக்கு ஊட்டிவிடுவார். என் கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் ஆற்றுத் தண்ணீரோடு என் மூன்று நோட்டுப் புத்தகங்கள் கிடந்தன. நாற்றம் அடிக்க ஆரம்பித்திருந்தது. தோழி அதைத் தூக்கிப் போடத்தான் எடுத்தாள். நானும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. அவர்தான் எழுந்து வந்து, "இது கையால் எழுதியதாயிற்றே, நான் எடுத்துப் போகலாமா மகளே?" என்று கேட்டாராம். நான் தலையாட்டினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

ஐந்தாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தாளையும் பிரித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் காயப்போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியைச் சூடு குறைத்துத் தேய்த்திருக்கிறார். தையல் விட்டுப்போன தாள்களுக்கு மூலையில் பென்சிலால் மெலிதாக எண் போட்டிருந்தார். வரிசை அப்படியே சரியாக இருந்தது. தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாத மனிதருக்கு எப்படி முடிந்தது என்று கேட்டேன். ஒரு பக்கத்தின் மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அல்லவா, அந்தக் கறைகளைப் பொருத்திப் பார்த்து அடுக்கியிருக்கிறார். நான்கு ராத்திரி வேலை. நோயாளி மனைவிக்குச் சமைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்து போய்க்கொண்டு.

இரண்டாவது நோட்டில் நான் ருக்வாவின் படம் வரைந்திருந்தேன். அதில் ஏரியின் தெற்குக் கரையை அவர் பென்சிலால் திருத்தியிருந்தார். "மழை நல்லா பெய்த வருடத்தில் தண்ணீர் இதுவரை வந்துவிடும், புல் இந்தப் பக்கம் நகர்ந்துவிடும்" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "அப்பா அங்கே வெட்டுக்கிளி பார்க்கிற வேலையில் இருந்தார்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

ஆறு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த ஆள் என் பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய அப்பாவின் வேலை நடப்பது. இடுப்பளவு புல்லில் குறுக்காக நடந்து, காலடியில் எத்தனை எழும்பிப் பறக்கின்றன என்று எண்ணுவது. சிவப்பு வெட்டுக்கிளிக்கு வருடத்துக்கு ஒரே தலைமுறைதான், மழைக்காலத்தில்தான் முட்டையிடும். அதனால் வறண்ட மாதங்களில் அவர் எண்ணிக் கொண்டுவரும் கணக்கை வைத்துத்தான் எங்கே, எப்போது மருந்து அடிப்பது என்று முடிவாகுமாம். ஐம்பதுகளில் விமானத்திலிருந்து டிஎன்ஓசி தெளித்தார்கள். மஞ்சள் சாயம் போல ஒட்டிக்கொள்ளும் மருந்து. அப்பா விடுமுறைக்கு வரும்போது உள்ளங்கை மஞ்சளாக இருக்கும், அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது என்று சொல்லி, தன் கையை விரித்துக் காட்டினார். அந்தப் பூச்சியை அப்பா சுவாஹிலியில் 'ன்ஸிகே' என்றுதான் சொல்வாராம். கோபமாகச் சொல்லிக் கேட்டதே இல்லையாம்.

1944க்குப் பிறகு சிவப்பு வெட்டுக்கிளி அந்த அளவுக்குப் படையெடுக்கவில்லை. அவ்வப்போது தலைதூக்குகிறது, பிறந்த இடத்திலேயே அடக்கிவிடுகிறார்கள். இதற்கு உவாரோவின் பெயரைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் புகைப்படம் எடுத்து வைத்திருக்கும் அறிக்கைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். விமானிக்குப் பெயர் இருக்கிறது, பூச்சியியலாளருக்குப் பெயர் இருக்கிறது. புல்லில் நடந்தவர்கள் வெறும் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். ஆறு வருடமாக அதே பக்கங்களைப் படித்தேன், எனக்கு அது உறுத்தவில்லை. படுக்கையில் கிடந்து அதை நினைத்து அழுதேன். காய்ச்சலால் மட்டும் இல்லை.

ஆகவே உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். புத்தகத்தை முதலிலிருந்து எழுதப்போகிறேன். முதல் அத்தியாயம் லண்டனில் தொடங்காது, ருக்வாவில் ஒருவர் புல்லுக்குள் நடப்பதில் தொடங்கும். எழுதி முடித்து வைத்திருந்த நூற்றி இருபது பக்கம் போனால் போகட்டும். உங்களில் யார் வீட்டிலாவது, யாருக்காவது தெரிந்தவர்களிடமாவது அந்தப் பணியின் சம்பளப் பதிவேடோ பழைய புகைப்படமோ இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பெரியவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அப்பாவின் பெயர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா பார், மகளே. பெயரை என் நோட்டில் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். கிடைக்கும்வரை தேடுவேன்.

நோட்டுப் புத்தகங்கள் இப்போது என் மேசை மேல் இருக்கின்றன. திறந்தால் கரிப்புகை வாசனை வருகிறது. அம்மா வெயிலில் வைக்கட்டுமா என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

நேற்றுத் தோழி போன் செய்தாள். பெரியவரின் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். குச்சி ஊன்றி வாசல் வரை நடக்கிறாராம்.